அறுபத்தெட்டாம் பக்கம்

கோயம்புத்தூரில் இலக்கியச் சண்டைகள் ஓய்ந்துபோனது பற்றி, சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் கவலையில்லை. ஒரு கதையைப் பற்றி இரண்டு பேர் அடித்துக்கொள்ள வேண்டுமானால், குறைந்தபட்சம் அந்த இரண்டு பேரும் அதே கதையைப் படித்திருக்க வேண்டும். ‘இதம்’ வந்த பிறகு அந்தக் குறைந்தபட்சத்துக்கும் வழியில்லாமல் போயிற்று.

இதம் என்பது கைப்பேசிக்குள் இருந்துகொண்டு வாசகரை வாசிக்கிற ஏற்பாடு. கண் எங்கே தயங்குகிறது, விரல் எங்கே அவசரப்படுகிறது, நாடி எந்த வரியில் துள்ளுகிறது என்று பார்த்து, அதற்கேற்பத் திரையில் உள்ள எழுத்தை ஓசைப்படாமல் திருத்திவிடும். புருவம் சுருங்கினால் வாக்கியம் சுருங்கும். கொட்டாவி வந்தால் கதையில் ஒரு கொலை விழும். அழ விரும்புகிறவருக்குக் கதையின் தாய் செத்துப்போவாள். அன்றைக்கு மனம் சரியில்லாதவருக்கு அதே தாய் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ பிடித்து வீடு திரும்புவாள். ‘சொல் மாறலாம், பொருள் மாறாது’ என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. அந்த விளம்பரமும் ஆளுக்கு ஒரு விதமாகத் தெரிந்ததாகக் கேள்வி.

எழுத்தோடு நிற்கவில்லை, பேச்சையும் அது பதப்படுத்தியது. சுடர்விழி விடுதியில் தங்கி முதுகலை படித்த நாட்களில், அவளுடைய அம்மா சௌந்தரம் போனில் திட்டிய திட்டெல்லாம் மகளின் காதை வந்தடையும்போது வெறும் அக்கறையாக மாறியிருந்தன. ஆராய்ச்சிக்காக வீட்டோடு வந்து தங்கிய பிறகுதான், அத்தனை ஆண்டுகளாகத் தான் எவ்வளவு திட்டு வாங்கியிருக்கிறோம் என்பது சுடர்விழிக்குத் தெரிந்தது.

மற்றவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்குத்தான் பிழைப்பே நாறியது. மாணவர் ஒரு வரியை மேற்கோள் காட்டுவார். தேர்வாளர் தம் திரையைப் பார்த்து, அப்படியொரு வரியே இல்லை என்பார். காகித நூல்களைப் பார்த்துச் சரிசெய்யலாமென்றால், எல்லாவற்றையும் படம் பிடித்தாயிற்று என்று நூலகங்கள் எப்போதோ அவற்றைக் கூழாலைக்கு அனுப்பிவிட்டிருந்தன. துறை ஒரு குழு அமைத்தது; அந்தக் குழு போண்டா தின்று ஒரு விதியைக் கண்டுபிடித்தது. அதற்கு ‘மூத்தோர் திரை’ என்று பெயர். அவையில் வயதில் மூத்தவர் யாரோ, அவர் கைப்பேசியில் தெரிவதே அன்றைக்கு மூலபாடம். மற்றவர்கள் தத்தம் பாடத்தைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். தமிழ் ஆராய்ச்சியில் காலங்காலமாக நடந்துவந்ததைத்தான் குழு எழுத்தில் வைத்தது என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர்கள் வயதில் இளையவர்கள்.

சுடர்விழியின் ஆய்வேடு ஒரே ஒரு சிறுகதையைப் பற்றியது. பெருந்துறை மாசிலாமணி என்பவர் ‘மல்லாரி’ என்ற பழைய வார இதழில் எழுதிய ‘ஈரத்துண்டு’. ஆள் போய்ச் சேர்ந்து வெகுகாலம். கதை சின்னது. ஒரு மில் தொழிலாளியின் மனைவி ருக்மணி. மூன்று நாளாக அவள் சாப்பிடவில்லை, பேசவில்லை. கணவன் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை அவன் தலையைத் தூக்கும்போது, ருக்மணி ஈரத்துண்டை முகத்தோடு அழுத்திப் பிடித்தபடி, கையில் பையோடு வாசலில் நிற்கிறாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்கிறான். அவள் துண்டை முகத்திலிருந்து எடுக்கிறாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது யார் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

சுடர்விழியின் திரையில் ருக்மணி அந்தத் துண்டைக் கணவனின் தோளில் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். பதினேழு வயதில் முதன்முதலாக அதைப் படித்தபோது சுடர்விழிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இலக்கியம் படிப்பது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். அவளுடைய நெறியாளர் பேராசிரியர் சென்னியப்பனின் திரையிலோ, ருக்மணி துண்டை எடுத்தாள், ஒன்றும் சொல்லவில்லை, விடியும்வரை நின்றாள். அந்த நிற்றலைப் பற்றி அவர் மூன்று நூல்கள் எழுதியிருந்தார். ‘மௌனத்தின் அரசியல்’ என்ற அவருடைய கோட்பாடு அந்த ஒரு வாசற்படியின்மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

‘வெளியேற்றம்’ என்று தலைப்பிட்டு சுடர்விழி எழுதிக்கொண்டுபோன அத்தியாயத்தை அவர் மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்.

“அம்மிணி, உன்ற திரையில அவ போறா. செரி. என்ற திரையில அவ நிக்கறா. நம்ம ரெண்டு பேத்துல ஆரு மூத்தவிய?”

அத்தியாயம் நீங்கியது. அவளுக்குப் பிடித்த கதையை விட்டுவிட்டு, அவருக்குத் தெரிந்த கதையைப் பற்றி சுடர்விழி முந்நூறு பக்கம் எழுதினாள். பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் அவளுக்கென்று நாற்காலி ஒன்று காத்திருந்தது. முனைவர் பட்டம் இல்லாமல் அதில் உட்கார முடியாது. வாய்மொழித் தேர்வுக்கு நாளும் குறித்தாயிற்று.

அப்போதுதான் புறத்தேர்வாளரின் தகவல் அட்டை வந்தது. திருநெல்வேலியிலிருந்து வரவிருந்த முனைவர் ஜெபக்கனி, சான்றிதழ்ப்படி சென்னியப்பனைவிட ஒரு வயது மூத்தவர். அவர் திரையில் ருக்மணி என்ன செய்தாளோ, அதுவே மூலபாடம். விசாரித்ததில், அங்கே ருக்மணி ஈரத்துண்டால் கணவனை நாலு சாத்து சாத்துவதாகத் தெரிந்தது. சுடர்விழியின் முந்நூறு பக்கமும் இல்லாத கதையைப் பற்றிய ஆய்வாகிவிடும்.

சென்னியப்பன் தளரவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் தமக்கு இரண்டு வயதைக் குறைத்து எழுதிவிட்டதாகவும், உண்மையில் தாம்தான் மூத்தவர் என்பதற்கு ஜாதகம் இருப்பதாகவும் அறிவித்தார். பணியில் இருந்த காலமெல்லாம் அந்த இரண்டு வயதைப் பத்திரமாக அனுபவித்தவர், இப்போது அதைத் திருப்பிக் கேட்டார். பதிலுக்கு ஜெபக்கனி தம் ஞானஸ்நானச் சான்றை எடுத்துக்கொண்டு வருவதாகச் செய்தி அனுப்பினார்.

தேர்வுக்கு முந்தைய வாரம், மகளுக்கு இருக்கிற வேலை போதாது என்பதுபோல, சௌந்தரத்தின் முழங்கால் மடங்க மறுத்தது. மூன்று மாதமாகவே நொண்டிக்கொண்டிருப்பதாக அவள் சொன்னாள். போனில் சொல்லியிருந்தால் காதில் நல்லபடியாக விழுந்திருக்கும். ஒரே வீட்டில் இருந்தும் சுடர்விழிக்கு அது தெரியாமல் போயிற்று. ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளில் குனிந்திருந்தாள், அவ்வளவுதான்.

அவிநாசி சாலையில் அவர்கள் போன ஸ்கேன் நிலையத்தில் பெரிய காந்த இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் அருகே கைப்பேசியோ கைக்கடிகாரமோ கூடாது. நோயாளியோடு வந்தவர்களும் எல்லாவற்றையும் வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஊரிலேயே மனிதர்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிற ஒரே கூடம் அதுதான். முதல் சில நிமிடங்களுக்கு அவர்கள் தங்கள் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்கள். நிலையத்தை நடத்தும் மருத்துவரின் மனைவிக்கு அலங்காரத்தில் ஆர்வம். கூடத்துக்குப் பழமைத் தோற்றம் வேண்டுமென்று எங்கிருந்தோ எடைக்கு வாங்கிய வார இதழ்களை மேசையில் அடுக்கியிருந்தாள். அலங்காரத்துக்கென்று வைத்ததை ஆட்கள் எடுத்துப் படிப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

சௌந்தரம் ஓர் இதழை மடியில் போட்டுக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து புரட்டினாள். ஓரிடத்தில் நின்றாள். அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பலத்த இருமல் வந்தது. இரண்டு முறை இருமிவிட்டு, இதழை மகளிடம் தள்ளினாள்.

சுடர்விழியின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் பக்கத்தை மேல்நோக்கித் தள்ளியது. பக்கம் நகரவில்லை. அடுத்தது என்ன என்று அது தானாக எதையும் கொடுக்கவுமில்லை. அவளுக்கு என்ன பிடிக்கும் என்பதில் அதற்கு எள்ளளவும் அக்கறையிருப்பதாகத் தெரியவில்லை. ஆஸ்துமா மாத்திரை விளம்பரத்துக்குப் பக்கத்தில் அரசியல் கட்டுரை. அதற்குக் கீழே ஸ்வெட்டர் பின்னுவது எப்படி என்று ஒரு படம். எதிர்ப்பக்கத்தில் தருமபுரி வாசகர் ஒருவர், சென்ற இதழின் அட்டைப்படத்தைத் தன் மனைவி கிழித்துவிட்டதாகவும் இன்னொரு பிரதி அனுப்பும்படியும் எழுதிய கடிதம். ஒன்றுக்கொன்று உறவில்லாத இத்தனை பேர் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். ஒரு துணுக்கைப் படித்தாள். படு மட்டமான துணுக்கு. சிரிப்பு வராத ஒரு நகைச்சுவையை அவள் வாழ்நாளில் படித்ததேயில்லை, இதம் விட்டதில்லை. அந்த மட்டத்தை எண்ணி எண்ணி, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர்வரச் சிரித்தாள். எதிரில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

முப்பத்து நான்காம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. ‘ஈரத்துண்டு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அட்டையைத் திருப்பினாள்: மல்லாரி.

அவள் மெதுவாகப் படித்தாள். வாக்கியங்கள் அவளுக்காக வழிவிடவில்லை. சில கரடுமுரடாக இருந்தன, ஒன்றில் எழுவாய் தொலைந்துபோயிருந்தது. மாசிலாமணியை அவள் நேரில் பார்ப்பது இதுதான் முதல்முறை. ஆள் அவ்வளவு நேர்த்தியில்லை. கடைசி வரிக்கு வந்தாள். ‘ருக்மணி துண்டை முகத்திலிருந்து எடுத்தாள்.’ அதோடு பக்கம் முடிந்தது. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் ‘தொ. 68’ என்று ஏதோ எண் போட்டிருந்தது. அதை அச்சகத்தாரின் உள்விவகாரம் என்று நினைத்தாள். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். அங்கே ஊறுகாய் விளம்பரம்.

அப்படியானால் ருக்மணி போகவில்லை. துண்டை எடுத்தாள், நின்றாள், முடிந்தது. சென்னியப்பன் சொன்னதே சரி. அவளைத் தமிழ் படிக்க வைத்த வரி, அவளுடைய நாடியைப் பிடித்துப் பார்த்து ஓர் இயந்திரம் கொடுத்த மிட்டாய். சுடர்விழி இதழைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

சௌந்தரம் அதை எடுத்து மறுபடியும் பின்னாலிருந்து புரட்டினாள். சற்று நேரத்தில் அவளுடைய தோள் குலுங்கியது.

“ஏஞ் சுடரு, இத்தப் பாரு. தலையில்லாத கதை ஒண்ணு. எடுத்த எடுப்புலயே ஒருத்தி கன்னம் வீங்கி நிக்கறா. ஆரு, என்ன, ஒண்ணும் போடுல.”

“பேர் போட்டிருக்குதா?”

“ருக்மணியாமா.”

சுடர்விழி பிடுங்கிய வேகத்தில் அட்டை கிழிந்தது. அறுபத்தெட்டாம் பக்கம். மேல் மூலையில் மூட்டுவலித் தைலம், இடதுபுறம் ரெடிமேட் சட்டை, நடுவில் ஒண்டுக்குடித்தனமாக ஒரு பத்தி:

‘இடது கன்னம் ஆப்பம் போல உப்பியிருந்தது. “பல் டாக்டரிடம்” என்றாள். “மூன்று நாளாக வீங்கிக் கிடக்கிறது. சோறு இறங்கவில்லை, பேச வாய் வரவில்லை. இன்றைக்குத்தான் பேப்பரை விட்டு நிமிர்ந்து பார்க்கிறீர்கள்.” அவன் அவசரமாகப் பேப்பரை மறுபடி எடுத்து, பல் டாக்டர் விளம்பரம் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடினான். ருக்மணி பையோடு’

அதற்குமேல் இல்லை. தாளின் கீழ்ப்பாதி கிழிந்துபோயிருந்தது.

பல்வலி. மூன்று நாள் உண்ணாமையும் பேசாமையும், முகத்தில் அழுத்திய ஈரமும், எல்லாமே கடைவாய்ப் பல். சென்னியப்பனின் மூன்று நூல்களும், தன் முந்நூறு பக்கமும், தமிழ்நாட்டின் பல கருத்தரங்குகளும் ஒரு சொத்தைப் பல்லைச் சுற்றி நடந்திருக்கின்றன. உள்ளேயிருந்து அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் நொண்டிக்கொண்டு போனதும், சுடர்விழி வாழ்வில் முதன்முதலாகத் திருடினாள். ஸ்கேன் படத்தைப் போட்டுக்கொடுக்கும் பெரிய உறைக்குள் மல்லாரி சத்தமில்லாமல் போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த சில நாட்கள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நெறியாளரைப் போனில் அழைத்துச் சொல்லலாம். ஆனால் ‘உங்கள் கோட்பாடு ஒரு பல்வலி’ என்ற வாக்கியத்தை இதம் அவர் காதுக்கு எப்படிக் கொண்டுசேர்க்கும் என்று யோசித்தாள். அநேகமாக வாழ்த்தாக.

தேர்வன்று கருத்தரங்க அறையில் கூட்டம் இருந்தது; ஜாதகமும் ஞானஸ்நானச் சான்றும் மோதுவதைப் பார்க்க மற்ற துறைகளிலிருந்தும் வந்திருந்தார்கள். ஜெபக்கனி குள்ளமான, உருண்டையான அம்மாள்; பெரிய பிளாஸ்க் ஒன்றோடு வந்திருந்தார். சென்னியப்பன் ஜாதகத்தை விரித்து, ஐப்பசி மாதம், விசாக நட்சத்திரம் என்று தொடங்கினார். நட்சத்திரத்தையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது, பாதிரியார் கையெழுத்து போட்டிருக்கிறாரா என்று அந்த அம்மாள் கேட்டார். ஒரு மணி நேரமாகியும் யார் மூத்தவர் என்பது தீரவில்லை. தேர்வை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று துறைத்தலைவர் எழுந்தபோது, சுடர்விழிக்குப் பொள்ளாச்சி நாற்காலி கண்ணில் ஆடியது. உறையைத் திறந்து மல்லாரியை மேசைமேல் வைத்தாள்.

அறையில் இருந்தவர்கள் அதைச் செத்த பல்லியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பிறகு கோயில் விக்கிரகத்தைப் பார்ப்பதுபோல. முதலில் கை நீட்டியவர் சென்னியப்பன். முப்பத்து நான்காம் பக்கத்தை அவரும் ஜெபக்கனியும் தலையோடு தலை முட்டப் படித்தார்கள். படித்து முடித்ததும் சென்னியப்பனின் விரல் பக்கத்தை மேலே தள்ளியது, நகரவில்லை. கடைசி வரியை இன்னொரு முறை உரக்கப் படித்தார். அவர் முகம் மலர்ந்ததைப் போல ஒரு மனித முகம் மலர்ந்து சுடர்விழி பார்த்ததில்லை.

“எடுத்தாள். முற்றுப்புள்ளி. அவ்வளவுதானுங். பார்த்தீங்களா? ஒரு வார்த்தை பேசலைங். நான் முப்பது வருசமா என்ன சொன்னேன்?”

ஜெபக்கனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அச்சில் இருப்பதை மறுக்க அவராலும் முடியவில்லை. துண்டால் சாத்துகிற காட்சி போய்விட்டதில் அவருக்கு வருத்தம் இருந்தது. ஆனாலும் ஆய்வேடு சரியென்று கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

சுடர்விழி அந்தப் பேனாவைப் பார்த்தாள். அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. இதழை மூடி உறையில் போட்டால் போதும். பட்டம் உண்டு, நெறியாளருக்கு மகிழ்ச்சி உண்டு, மூலபாடத்தை மீட்டவள் என்ற பெயரும் உண்டு. எறும்பு எழுத்தில் இருப்பதை அந்த அறையில் யாரும் பொருட்படுத்தப்போவதில்லை. மூலபாடம் வேண்டும் என்று ஆய்வேட்டின் முன்னுரையில் பன்னிரண்டு முறை எழுதியிருந்தாள். பதின்மூன்றாவது முறை அது ஏன் இவ்வளவு கனக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

“இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க ஐயா” என்றாள். “பின்னாடி.”

அறுபத்தெட்டாம் பக்கத்தைத் திறந்துவைத்தாள்.

முதலில் ஜெபக்கனியின் பிளாஸ்க் உருண்டது. அந்த அம்மாள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து, தம் பல்செட்டைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அறை முழுவதும் எட்டிப் பார்த்தது. பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைக்காரர்களிடம் கேட்டார்கள். விஷயம் கைமாறக் கைமாற, நாற்காலிகள் வரிசை வரிசையாகக் குலுங்கின. சென்னியப்பன் மட்டும் அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார், அது மாறும் என்று காத்திருப்பதுபோல. திரையென்றால் மாறியிருக்கும்.

“அப்பறம் எப்புடிங் எல்லார்த்துக்கும் வேற வேற முடிவு வந்துச்சு?” என்று அவர் கடைசியில் கேட்டார். குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்தது. ஜெபக்கனி பல்செட்டைச் சரிசெய்துகொண்டு விளக்கினார்.

“அந்தக் காலத்துப் பத்திரிகையில எடம் பத்தலன்னா கதைய முன்னாடி பாதி, பின்னாடி பாதின்னு போடுவாங்க போலுக்கு. படம் பிடிச்சவனுக்கு அது தெரியல பாத்துக்கிடுங்க. முப்பத்துநாலாம் பக்கத்தோட கதை முடிஞ்சிட்டுன்னு மூடிட்டான். வாலில்லாம கெடந்தத இதம் பாத்திருக்கு. ஆளாளுக்கு ஒரு வால ஒட்டிட்டு. நீங்க வாயத் தொறக்காத பொம்பளைய விரும்புனிய, ஒமக்கு அது கெடச்சிட்டு. எனக்கு எங்க வீட்டுக்காரர நாலு சாத்தணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு.”

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் இடிந்துபோவார் என்று எதிர்பார்த்தவர்களுக்குத் தமிழ் ஆராய்ச்சி தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அறுபத்தெட்டாம் பக்கம் இடைச்செருகல் என்றார். நடை வேறு, தரம் வேறு. பக்கத்தில் மூட்டுவலித் தைல விளம்பரம் இருப்பதையும் கவனிக்க வேண்டும். வலியை விற்கிறவர்களுக்குக் கதையில் ஒரு வலி தேவைப்பட்டிருக்கிறது. இதை நிறுவ நான்காவதாக ஒரு நூல் எழுதப்போவதாக அங்கேயே அறிவித்தார். ஜெபக்கனி அதற்கு மறுப்புநூல் எழுதுவதாக எழுந்தார். இருவர் கண்ணிலும் பல ஆண்டுகளாக இல்லாத ஒளி வந்திருந்தது. ஒரே பக்கத்தை இருவரும் பார்த்துவிட்டார்கள். இனிச் சாகும்வரை சண்டை போடலாம்.

மறுப்பதற்கும் நிறுவுவதற்கும் முதலில் ஆய்வேடு ஒன்று ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றியதால், சுடர்விழிக்கு அன்றைக்கே பட்டம் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. ‘அறுபத்தெட்டாம் பக்கத்தின் கிழிந்த பகுதி கிடைக்கவில்லை, ஆகவே கதையின் முடிவு ஐயத்துக்குரியது’ என்று அவள் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் துண்டு எப்போதாவது கிடைக்குமானால், பட்டம் நிறுத்திவைக்கப்படும். ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து எழுதி மறுபடி தேர்வுக்கு வர வேண்டும். அது கிடைக்கப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். சுடர்விழி கையெழுத்திட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சௌந்தரம், மகள் டாக்டர் ஆனதைக் கொண்டாடச் சமையலறைக்குள் போனாள். பக்கத்து வீட்டுப் பெண் காலையில் வந்து, முழங்காலுக்கு மகளே மருந்து கொடுக்க மாட்டாளா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. போனைப் பார்த்துச் சமைப்பதை சௌந்தரம் எப்போதோ விட்டுவிட்டாள். அவளுடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து, குறிப்பில் உப்பையும் மிளகாயையும் இதம் களவாடிக்கொண்டிருந்தது.

“கையெல்லாம் புளி. அஞ்சறைப் பொட்டியில ஒரு காயிதம் இருக்குது, எடுத்து அளவப் படி” என்றாள்.

கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவே நாலாக மடித்த தாள். சுடர்விழி பிரித்துப் படித்தாள்: கொள்ளு ஓர் ஆழாக்கு, வரமிளகாய் எட்டு. எட்டா என்று அம்மா மகிழ்ந்தாள். தாள் பழுப்பு நிறத்தில், விளிம்பில் உதிர்ந்துகொண்டிருந்தது. மேல்விளிம்பு கிழிந்திருந்தது. சுடர்விழியின் கை தானாக அதைத் திருப்பியது.

கிழிந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

“ஏம்மா, இத நீ எங்க கிழிச்ச?”

“அந்த ஸ்கேன் எடுக்கற எடத்துலதான். நீ பக்கத்துலதான இருந்த. கிழிக்கறப்ப இருமினனே, கேக்கலயா?”

“இதுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு பாத்தியா?”

“பின்னாடி என்ன இருந்தா எனக்கென்ன. என்னமோ கதை. என்ன போட்டிருக்குது, படி.”

சுடர்விழி படித்தாள். மஞ்சள்தூள் படிந்த மூன்று வரிகள்.

‘வெளியே வந்தாள். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தாள். பல் டாக்டரின் தெரு வந்தபோதுதான் கவனித்தாள்: வலி நின்றிருந்தது. ருக்மணி இறங்கவில்லை. (முற்றும்)’

அடுப்பில் கொள்ளு பொங்கி வழிந்தது. சௌந்தரம் தீயைத் தணித்துவிட்டு, சற்று யோசித்து, அப்படியானால் அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றாள் சுடர்விழி. நல்லது என்று சொல்லிவிட்டு, சௌந்தரம் வெல்லம் எவ்வளவு என்று கேட்டாள்.

பதினேழு வயதில் பார்த்த அதே படியிறக்கம். இயந்திரம் அவளை ஏமாற்றவில்லை. அல்லது ஏமாற்றப் போய், தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டது. நெறியாளர் மேசையின் ஓரத்துக்குத் தள்ளிய அந்த அத்தியாயம்தான் சரி. அதை வைத்து ஆய்வேட்டை மறுபடி எழுத இனி ஓராண்டாவது ஆகும். பொள்ளாச்சி நாற்காலி அதுவரை நிற்காது. தாளை மடித்து வெந்தயத்துக்குள் போட்டால், கடுகு அதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. மடித்தாள். மறுபடி பிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, திருநெல்வேலியை அழைத்தாள்.

கிழிந்த துண்டு கிடைத்துவிட்டதாக அவள் சொன்னதும், எதிர்முனையில் ஏதோ உருண்டது, பிளாஸ்காக இருக்கலாம். என்ன எழுதியிருக்கிறது என்று ஜெபக்கனி கேட்டார். படம் எடுத்து அனுப்பவா, படித்துக் காட்டவா என்று தொடங்கிய சுடர்விழி பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த அம்மாளும் அதே நேரத்தில் அதையே நினைத்திருக்க வேண்டும்.

“வேண்டாம் பிள்ள, படிக்காத. போன்ல வந்தா என் காதுக்குள்ள வரதுக்குள்ள எனக்குப் பிடிச்ச மாரி ஆயிரும். அப்படியே வையி, மடிக்காத. பட்டம் போயிரும்னு தெரிஞ்சுதான கூப்பிடுத?”

“தெரியுமுங்க அம்மா.”

“சரி. காலையில மொத பஸ்ஸுக்கு வாரேன். அந்தச் சென்னியப்பனுக்கும் சொல்லு. ஜாதகத்த வீட்டுல வச்சிட்டு வரச் சொல்லு.”

போனை வைத்துவிட்டு, திருநெல்வேலியிலிருந்து ஒரு பேராசிரியை நாளைக்குப் பஸ்ஸில் வருகிறார், இந்தத் தாளைப் படிக்க என்று சுடர்விழி சொன்னாள். மூன்று வரியைப் படிக்கவா என்று சௌந்தரம் கேட்கவில்லை. கரண்டியில் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். உப்பும் உறைப்பும் பல ஆண்டுகளுக்குப் பிறகு அதனதன் இடத்தில் இருந்தன. அவள் கண் கலங்கியது மிளகாயாலாகவும் இருக்கலாம்.

“அவியளுக்கும் சேத்தே வெச்சுடறேன்” என்றாள். “ஏஞ் சுடரு, அவியளாவது பஸ்ஸ விட்டு எறங்குவாங்களா?”